வெங்காயச் சருகு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. நல்ல சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்கிற சிரிப்பு. ஆனால் இப்போது தர மாட்டேன்.

பார்சல் வரட்டும். பிரிக்கும்போது தருகிறேன்.

சேலம் பக்கத்தில் எங்கள் ஊர் இளம்பிள்ளையில் அதுதான் வழக்கம். ஆன்லைனில் சேலை விற்கிறவர்கள் எல்லாரும் ஒரே வரியைத்தான் எழுதுவார்கள்: "பார்சல் பிரிக்கும் வீடியோ கட்டாயம். வீடியோ இல்லை என்றால் ரிட்டர்ன் இல்லை." டேப்பை வெட்டுவதற்கு முன்பே கேமரா ஓட வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் செல்லாது.

நீங்களும் நடுவில் நிறுத்தாதீர்கள்.

இது ஒரு குரு-சீடர் கதை. சீடர் என் அம்மா. பெயர் வசந்தாமணி. வயது நாற்பத்தாறு.

குரு ரஹ்மத் மிஸ். வயது இருபத்தெட்டு. தாடி கிடையாது, ஆசிரமம் கிடையாது. கொரியர் ஆபீஸ் மாடியில் ஒரு பேக்கிங் மேசை உண்டு. ஆன்லைனில் விற்க நினைக்கிற பெண்களுக்கு வாரம் இரண்டு நாள் அங்கேதான் பயிற்சி. யார் என்ன கேட்டாலும் முதலில் பிரவுன் டேப்பை 'கர்ர்ர்' என்று இழுத்து ஒரு பார்சலை ஒட்டுவார். அதற்குப் பிறகுதான் பதில். சில சமயம் அந்த 'கர்ர்ர்'தான் பதில்.

நான் கௌசிகா. பிளஸ் ஒன். எனக்கு ஒரே ஒரு வேலைதான் நன்றாக வரும். எல்லார் மாதிரியும் பேசுவேன். ஒருமுறை ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் மைக்கில் லீவு விட்டேன். இரண்டு வகுப்பு பையைத் தூக்கிக்கொண்டு கேட் வரை போய்விட்டது. முட்டி போட வைத்தார்கள். கணக்கு சார் குரலில் அழுதேன். கூட ஒரு மணி நேரம் போட வைத்தார்கள்.

போனை நான் எடுத்தால் என் மாமாவே "வசந்தா" என்று பேச ஆரம்பித்துவிடுவார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா முன்பு பையில் சேலை போட்டுக்கொண்டு நடந்து விற்றவள். மில் கேட், ரேஷன் கடை வரிசை, பிரசவ ஆஸ்பத்திரி வாசல். ஷிப்ட் முடிந்து பெண்கள் தலையெல்லாம் பஞ்சோடு வருவார்கள். அம்மா ஒருத்தியின் கையைப் பிடிப்பாள்.

"வா கண்ணு. சாப்டியா?"

அவ்வளவுதான். அந்தப் பெண் நின்றுவிடுவாள். அடுத்து அம்மா சேலையின் தலைப்பை எடுத்து அவள் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கசக்குவாள்.

"கத்துதா? கத்தாது. கஞ்சி போட்ட சேலதான் கத்தும். ஒரு தண்ணி பாத்தா உசுரு போயிரும். இது ஊமச் சேல. பத்து வருசம் கூட வரும்."

எதிரில் இருப்பவள் சிரித்தால் அம்மாவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு மில் காம்பவுண்டைத் தாண்டிக் கேட்கும். வாட்ச்மேன் வந்து, "ஏம்மா, உள்ள மெசினு சத்தம் கேக்க மாட்டேங்குது" என்பார்.

பிறகு முழங்கால் போயிற்று. டாக்டர் பையைக் கீழே வைக்கச் சொன்னார். அம்மா வைத்தாள். போனைக் கையில் எடுத்தாள். 'வசந்தம் சாரீஸ்' என்று பெயர் வைத்தாள்.

அப்பா இல்லை. மாமாதான் எல்லாம். மாமா நல்லவர். அதுதான் தொந்தரவு.

"ஆடி பதினெட்டு வரைக்கும் பாரு வசந்தா," என்றார். "அதுக்குள்ள ஓடலைன்னா விட்ரு. பெருந்துறைல ஒரு மில் ஹாஸ்டலுக்கு வார்டன் வேணுமாம். உக்காந்த எடத்துல வேலை. ரூமு, சாப்பாடு எல்லாம் அங்கயே."

"கௌசிகா?"

"எங்க வீட்ல இருக்கட்டும். நான் பாத்துக்க மாட்டனா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மாமா குரலிலேயே "பாத்துக்க மாட்டனா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

அன்றிலிருந்து அம்மா பயிற்சி பயிற்சி என்று ஓடினாள். மொத்தம் பதினோரு பயிற்சி. ஐந்து ரஹ்மத் மிஸ்ஸிடம். மீதி ஆறு அங்கங்கே. பதினோரு சான்றிதழையும் லேமினேட் செய்து பீரோவில் ஒட்டினாள். பீரோவைத் திறந்தால் மொத்தமும் படபடவென்று அடித்துக்கொள்ளும்.

பயிற்சி வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் அம்மா பின்கோடே இல்லாமல், "மாரியம்மன் கோயிலுக்கு எதிர் வீடு, பச்சை கேட்" என்று எழுதி ஒரு பார்சலை அனுப்பினாள். அந்தச் சேலை எந்த மாரியம்மனிடம் இருக்கிறதோ. இப்போது முகவரி, லேண்ட்மார்க், இரண்டாவது போன் நம்பர் எல்லாம் கறாராக வாங்குவாள். மழையில் நனையாமல் கவர் போடுவாள். வீடியோ விதியைக்கூட மிஸ்தான் சொல்லிக்கொடுத்தார்.

கெடுத்தது ஏழாவது சான்றிதழ். சேலத்தில் ஒரு ஹோட்டல் ஹாலில், டை கட்டிய சார் ஒருவர் நடத்திய 'வாடிக்கையாளரிடம் பேசும் கலை'.

"கண்ணு, சாமி, தங்கம் எல்லாம் கூடாது," என்றாராம். "நீங்க பிராண்ட். பிராண்ட் எப்படிப் பேசும்?"

அவர் பேசிக் காட்டினார். அம்மா நோட்டில் எழுதிக்கொண்டு வந்து மனப்பாடம் செய்தாள். குரலில் புன்னகை இருக்க வேண்டும் என்றாராம். சிரிக்கிற வாய் படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றும் கொடுத்தார். அம்மா அதைப் போனுக்குப் பின்னால் ஒட்டினாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சிரித்தது அந்த ஸ்டிக்கர் மட்டும்தான்.

அடுத்த நாள் திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"வணக்கம். வசந்தம் சாரீஸிற்கு அழைத்தமைக்கு நன்றி. தங்களுக்கு நான் எவ்வாறு உதவ வேண்டும்?"

அந்தப் பக்கம் சத்தம் இல்லை.

"தங்களது தேவையைத் தெரிவிக்கவும்."

'பீப்' என்று ஒரு ஒலி. அவள் ஒன்றை அழுத்தியிருக்கிறாள். பிறகு இரண்டு. பிறகு ஒன்பது. பிறகு யாரிடமோ, "இல்லக்கா, கம்ப்யூட்டர்தான் பேசுது, ஆளே வர மாட்டேங்குது" என்றாள். கட்.

இல்லை, நான் சொன்ன சிரிப்பு இது இல்லை. இது சும்மா வழியில் கிடந்தது. பார்சல் இன்னும் கிளம்பவே இல்லை.

எனக்கு அந்த 'பீப்' தாங்கவில்லை. நானும் விளையாடாமல் விடுவேனா? தோழி யமுனாவின் போனை வாங்கி, கோயம்புத்தூர்க் கல்யாண வீட்டு அம்மாவாக மாறினேன்.

"ஏனுங், பொண்ணு கல்யாணத்துக்குப் பத்து சேல வேணுமுங்."

"தங்களது விருப்பத்திற்கு மகிழ்ச்சி. எந்த வகைப் புடவைகளை எதிர்பார்க்கிறீர்கள்?"

"அதெல்லாம் இருக்கட்டுமுங். நீங்க மெசினுங்களா, மனுசியுங்களா?"

நோட்டுப் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் எந்தப் பக்கத்திலும் இல்லை போலிருக்கிறது.

"தங்கள் கேள்வி பதிவு செய்யப்பட்டது," என்றாள் அம்மா.

நான் கட் செய்துவிட்டு யமுனா மேல் விழுந்து புரண்டேன். வீட்டுக்குப் போகும் வரை மூச்சு வாங்கியது.

வீட்டில் அம்மா இல்லை. தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நோட்டு திறந்தபடி கிடந்தது. ஒவ்வொரு அழைப்பையும் அதில் கட்டம் போட்டு எழுத வேண்டும் என்பது ஒன்பதாவது சான்றிதழ்.

பெயர்: கோவை அம்மா. தேவை: பத்து சேலை. முடிவு: கட் செய்துவிட்டார்.

கடைசிக் கட்டம், 'என் தவறு'. அதில் அம்மா எழுதியிருந்தாள்: 'தெரியவில்லை.'

நான் நேராகக் கொரியர் ஆபீஸ் மாடிக்குப் போனேன்.

"மிஸ், ஒரு தப்பு பண்ணிட்டேன்."

மிஸ் டேப்பை இழுத்தார். கர்ர்ர். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"எத்தன குரல் வரும் உனக்கு?"

"எல்லாம் வரும் மிஸ்."

"என் குரல்?"

"கர்ர்ர்," என்றேன்.

மிஸ் முகத்தைப் பார்சல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"உங்கம்மா குரல்?"

"எந்த அம்மா மிஸ்? இப்ப இருக்கற அம்மாவா, முன்னாடி இருந்த அம்மாவா?"

மிஸ்ஸின் கை அப்படியே நின்றது. டேப் பாதி இழுத்தபடி தொங்கியது. அந்த மேசையில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

"முன்னாடி இருந்தவங்க," என்றார்.

மறுநாள் அம்மா அவரிடம் வந்தாள். நானும் கூடவே போயிருந்தேன்.

"மிஸ், ஆடி பதினெட்டுக்கு இன்னும் ஒம்போது நாள்தான் இருக்கு. பதினோரு பயிற்சி முடிச்சிட்டேன். ஒரு சேல போகல. இன்னும் என்ன பயிற்சி பாக்கி?"

கர்ர்ர்.

"ஒண்ணு பாக்கி அக்கா."

"சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"எழுத வேணாம். நீங்க யார்கிட்டயாவது போன்ல சேல வாங்கியிருக்கீங்களா?"

"நானா? விக்கறவ எதுக்கு மிஸ் வாங்கணும்?"

மிஸ் ஒரு சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தார். அவருடைய இன்னொரு போனின் நம்பர். அம்மாவுக்கு அது தெரியாது.

"இந்தம்மா நல்லா விக்கறாங்க. நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குக் கூப்பிடுங்க. நீங்க விக்கறவங்கன்னு சொல்லாதீங்க. புடிச்சா வாங்குங்க, புடிக்கலைன்னா ரிட்டர்ன் போட்டுக்கலாம். பணத்த நான் பாத்துக்கறேன்."

அம்மா சீட்டை மடித்துச் சுருக்குப் பையில் போட்டாள். படியிறங்கும்போது என்னிடம், "அந்தம்மா ரொம்பப் படிச்சவங்களா இருப்பாங்களோ?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா," என்றேன். நாக்கைப் பல்லால் கடித்திருந்ததால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை.

எங்கள் பீரோவில் ரொம்ப நாளாக விற்காத சேலையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் மிஸ். அடியில் ஒன்று இருந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துப் போனேன். அம்மா அதைப் பதினாலு முறை போட்டோ எடுத்துப் போட்டிருந்தாள். 'எலிகண்ட் பாஸ்டல் ஷேட்' என்று எழுதியிருந்தாள். பாஸ்டல் என்றால் என்ன என்று ஒருவரும் கேட்கக்கூட இல்லை.

மடிப்புக்குள் ஒரு வசம்பு முடிச்சு இருந்தது. பூச்சி வராமல் இருக்க அம்மா எல்லாச் சேலையிலும் வைப்பாள். என் ஆறாம் வகுப்பு யூனிஃபார்மைக் கிழித்த துணியில் கட்டியது. நீலக் கட்டம். எடுக்கப் போனேன். மிஸ் என் கையைத் தட்டிவிட்டார்.

மறுநாள் சரியாக இரண்டு மணி. போன் அடித்தது. மிஸ் ஸ்பீக்கரில் போட்டார். டேப்பை மூலையில் வைத்துவிட்டார்.

"வணக்கம். தங்கள் நிறுவனத்தில் புடவைகள்..."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மில் கேட்டை நினைத்துக்கொண்டேன்.

"வா கண்ணு. சாப்டியா?"

பதினோரு சான்றிதழிலும் இந்தக் கேள்வி வரவில்லை.

"...இன்னும் இல்லைங்க."

"மணி ரெண்டு. பசியோட சேல பாத்தா பாக்கறதெல்லாம் புடிக்கும். அப்புறம் என்னைத் திட்டுவ. போயி ஒரு வாய் சாப்ட்டு வா. நான் எங்க ஓடறன்?"

"பரவால்லைங்க, சொல்லுங்க."

"யாருக்குக் கண்ணு?"

"எனக்குத்தான். சும்மா."

"பொம்பள தனக்கு எடுத்தா மட்டும் சும்மா. நாத்தனாருக்கு எடுக்கறப்ப சும்மான்னு சொல்லிப் பாரு, வீட்ல இருக்க முடியுமா?"

மூக்கில் 'ஹ்ம்' என்று காற்று வந்தது. சிரிப்பு இல்லை. சிரிப்பின் செருப்புச் சத்தம், வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனது.

"என்ன கலருங்க இருக்கு?"

"வெங்காயம் உரிப்பியா?"

"தெனமும் உரிக்கறங்க."

"மேல் தோல விடு, அது மொரடு. அதுக்கு அடுத்து ஒரு சருகு வரும் பாரு. வெளிச்சத்துல புடிச்சா கொஞ்சம் ரோசு, கொஞ்சம் பழுப்பு."

"ஆமாங்க! வெங்காயச் சருகு! எங்கம்மாகிட்ட அந்தக் கலர்ல ஒண்ணு இருந்துச்சு. நானும் எத்தன நாளாத் தேடறேன், கெடைக்கவே இல்லைங்க."

மிஸ் மேசையில் கிடந்த சேலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அம்மா எட்டு மாதமாகப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்த கலர்.

"ஆனா போட்டோவுல ஒரு கலரு, கையில ஒரு கலரு வருதே," என்றாள் அம்மா. அவளிடம் எல்லாரும் கேட்கிற கேள்வி.

"வரும். போட்டோ பொய் சொல்லும். நானே சொல்லுவேன், வயித்துப்பாடு. சேல சொல்லாது. போன காதோட அமுக்கு."

தலைப்பை எடுத்துப் போனில் வைத்துக் கசக்கினேன்.

"கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலைங்க."

"இப்ப?" மிஸ் ஒரு கஞ்சி போட்ட சேலையை நீட்டினார். கசக்கினேன்.

"கத்துதுங்க."

"அது கஞ்சி. நான் சொன்னது ஊமச் சேல."

அதிகமாகப் போய்விட்டேனோ?

"நான்கூட..." என்றாள் அம்மா. குரல் மாறியிருந்தது. "நான்கூட முன்னாடி இப்படித்தாங்க. நேர்ல. காதுல வச்சு. போன்ல இதைச் செய்யலாம்னு எனக்குத் தோணவே இல்லைங்க."

"போனும் ஒரு காதுதான கண்ணு."

"அந்தச் சேலைய எனக்கு அனுப்பிருங்க. ஒண்ணு கேக்கலாங்களா? நீங்க எங்க பயிற்சி எடுத்தீங்க?"

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் பாய்ந்து டேப்பை எடுத்தார். கர்ர்ர்ர்ர்.

"லைன் எரையுது கண்ணு. அட்ரஸ மெசேஜ்ல போடு," என்று வைத்துவிட்டேன்.

தன் குரல் தனக்குத் தெரியாது. ஒருமுறை என் குரலை ரெக்கார்ட் செய்து கேட்டபோது யாரோ எலி என்று நினைத்தேன்.

சாயங்காலம் அம்மா மிஸ்ஸிடம் ஓடிவந்தாள். முழங்காலை மறந்து மாடி ஏறியிருந்தாள்.

"மிஸ், யார் அவங்க? அவங்ககிட்ட ஒரு கோர்ஸ் சேரணும். பன்னெண்டாவது."

"அவங்க கோர்ஸ் நடத்தறதில்ல அக்கா."

"கேட்டுச் சொல்லுங்க மிஸ். அவங்களுக்கு யார் சொல்லிக்குடுத்தாங்கன்னாவது சொல்லுங்க."

கர்ர்ர்.

"பார்சல் வரட்டும்."

வீட்டுக்கு வந்தும் அம்மா ஓயவில்லை. "அந்தம்மா கண்ணுன்னு கூப்பிட்டதும் எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. நீயும் ஊருல உள்ள குரலெல்லாம் பேசற. அவங்கள மாதிரி ஒண்ணு பேசு பாப்போம்?"

"வராதும்மா."

"வராது. உனக்கெல்லாம் அது வராது."

இப்போதும் நான் சிரிக்கவில்லை. தலையணையைக் கேட்டுப் பாருங்கள், கடித்த தடம் இருக்கும்.

அம்மாவுக்குச் சந்தேகம் வராமல் இருக்க, மிஸ் பார்சலைச் சேலத்திலிருந்து போடச் சொன்னார். அது எங்கெங்கோ சுற்றியது. நாட்கள் போயின. அம்மாவுக்கு ஒரு சேலைகூட விற்கவில்லை. ஆடி பதினெட்டு வந்துவிட்டது.

மாமாவும் வந்துவிட்டார். கையில் ஒரு காலிப் பெட்டி.

"துணியெல்லாம் எடுத்து வை வசந்தா. நாலு மணி பஸ்."

அம்மா பீரோவைத் திறந்தாள். பதினோரு சான்றிதழும் படபடத்தன. நான் மாமா குரலில் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எந்தக் குரலும் வரவில்லை.

அப்போதுதான் வாசலில் கொரியர்காரர். "வசந்தாமணி?"

அம்மா பார்சலைக் கையில் வாங்கியதும் முகம் மாறியது. "அண்ணா, உன் போன எடு. வீடியோ புடி."

"எதுக்கு?"

"பிரிக்கறப்ப எடுக்கணும்ணா. நிறுத்தினா ரிட்டர்ன் இல்ல."

"ஊருக்குக் கெளம்பற நேரத்துல..." என்றபடி மாமா போனைத் தூக்கிப் பிடித்தார். பெட்டி அவர் காலடியில் வாயைத் திறந்து கிடந்தது.

அம்மா டேப்பை வெட்டினாள். கவரைப் பிரித்தாள். சேலையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"பாத்தியா கௌசி? வெங்காயச் சருகு. சொன்ன கலரு அப்படியே! நம்மகிட்ட அந்தப் பாஸ்டல் ஒண்ணு கெடக்கே, அதெல்லாம் இது பக்கத்துல நிக்குமா?"

"நிக்காதும்மா."

"அந்தம்மா கை பட்ட சேல. மடிப்பப் பாரு, என்ன அழகா மடிச்சிருக்காங்க."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"கை வலிக்குது புள்ள," என்றார் மாமா.

"புடிண்ணா."

அம்மாவின் போன் அடித்தது. திண்டுக்கல் நம்பர். அன்றைக்கு ஒன்றை அழுத்திய அதே பெண். அம்மா நோட்டைத் தேடினாள். நோட்டு பெட்டிக்குள் போயிருந்தது. போனைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள்.

"அந்தம்மா மாதிரி பேசிப் பாக்கட்டுமா?" என்று என்னிடம் குசுகுசுத்தாள். "தப்பா எடுத்துக்குவாங்களா?"

"தெரியவா போகுது? பேசும்மா."

அம்மா தொண்டையைச் செருமினாள்.

"வா கண்ணு. சாப்டியா?"

அந்தப் பக்கம், "அய்யோ, ஆளுக்கா! ஆளு வந்துட்டாங்க!" என்று ஒரு கத்தல். "ஏங்க, அன்னிக்கு உங்க மெசினுகிட்ட மாட்டிக்கிட்டேங்க!"

"அது கெடக்கட்டும். பண்டிகைக்கு என்ன செஞ்ச?"

"சித்ரான்னங்க. அஞ்சு வகை."

"எனக்கு?"

அந்தப் பெண் சிரித்தாள். அம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். வெங்காயம் வந்தது. சருகு வந்தது. "போன அமுக்கு" என்று தலைப்பைக் கசக்கினாள். போன் அந்த வீட்டில் ஒவ்வொரு கையாகப் போனது. அக்கா கேட்டாள், அண்ணி கேட்டாள், அடுத்த வீட்டுக்காரி வந்து கேட்டாள். ஒருத்திக்கு வெங்காயச் சருகு, ஒருத்திக்கு மயில்கழுத்து, ஒருத்திக்கு மாம்பழம், பீரோவிலிருந்து ஒவ்வொன்றாகக் காதுக்குக் காட்டப்பட்டது. கடைசியில் பின்கோடு, லேண்ட்மார்க், இரண்டாவது நம்பர் எல்லாம் கறாராக வாங்கினாள். வீடியோ இல்லாமல் பிரிக்கக் கூடாது என்றும் சொன்னாள். அது பயிற்சி.

போனை வைத்தாள்.

"அந்தம்மா மாதிரி வந்துச்சா?" என்று கேட்டாள்.

மாமா ஒரு கையால் போனைப் பிடித்தபடி, காலால் பெட்டியை மெதுவாகத் தள்ளினார். அது கட்டிலுக்கு அடியில் போய் நின்றது.

அம்மா வெங்காயச் சருகை ஆசையாக முழுக்க விரித்தாள். உள்ளிருந்து ஏதோ 'டொக்' என்று தரையில் விழுந்தது.

நீலக் கட்டம் போட்ட துணியில் ஒரு வசம்பு முடிச்சு.

அம்மா குனிந்து எடுத்தாள். முகர்ந்தாள். முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பீரோவைப் பார்த்தாள். அடித்தட்டைப் பார்த்தாள். பிறகு என்னை.

"எங்க, அந்தம்மா மாதிரி ஒண்ணு பேசு," என்றாள்.

"வா கண்ணு," என்றேன். "சாப்டியா?"

அம்மா சிரிக்கவில்லை. போனை எடுத்தாள். பின்னாலிருந்த ஸ்டிக்கர் அவள் பங்குக்கும் சேர்த்துச் சிரித்தது. மிஸ் எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மிஸ். பார்சல் வந்துருச்சு."

கர்ர்ர். "பிரிச்சீங்களா அக்கா?"

"பிரிச்சேன். என் சேலையவே எனக்கு வித்திருக்கீங்க. அதுவும் என் கழுதைய வச்சே. எனக்கு இது வேணாம். ரிட்டர்ன் எடுத்துக்குங்க."

"வீடியோ இருக்கா?"

"இருக்கு. எங்கண்ணன் புடிச்சாரு."

"அனுப்புங்க."

மாமா அப்போதுதான் வீடியோவை நிறுத்தினார். அனுப்பினார். நாங்கள் மூன்று பேரும் அம்மாவின் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மிஸ் அந்தப் பக்கம் அதைப் போட்டுப் பார்ப்பது எங்களுக்குக் கேட்டது. டேப் வெட்டும் சத்தம். மாமாவின் "கை வலிக்குது." ஒரு பெண் குரல், "வா கண்ணு, சாப்டியா?"

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இது நீயா, நானா?"

"நீதாம்மா."

வீடியோ முழுதும் ஓடி முடிந்தது. மிஸ் மறுபடி லைனில் வந்தார்.

"ரிட்டர்ன் எடுக்க முடியாதுக்கா."

"ஏன் மிஸ்? வீடியோதான் இருக்கே?"

"வீடியோ இருக்கு. அதுல நடுவுலயே நீங்க அதைத் திண்டுக்கல்லுக்கு வித்துட்டீங்களே."

அம்மா மடியில் கிடந்த சேலையைப் பார்த்தாள்.

பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.